கடலில் இழுத்த கோடு: கஹிர்மாதா சரணாலயத்தின் வரலாறு

1727ஆம் ஆண்டு வெளியான தமது பயண நூலில் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மாலுமி, இன்றைய ஒடிசாவின் வடகரையைப் பற்றி ஒரு குறிப்பை விட்டுச் சென்றிருக்கிறார். கனிகா ஆற்றுக்கும் பாலசோர் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் நீண்ட மணற்கரைக்குக் கடலாமைகள் பெருந்திரளாக முட்டையிட வருகின்றன என்பதே அக்குறிப்பின் சாரம். கஹிர்மாதா பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. அங்கு வருபவை ஆலிவ் ரிட்லி ஆமைகள்; தமிழகக் கரையில் இவற்றைப் பங்குனி ஆமை என்பார்கள். கார்த்திகை வாக்கில் கரையருகே கூடி இணைசேர்ந்து, மாசி பங்குனியில் சில இரவுகளுக்குள் பல்லாயிரம் பெண் ஆமைகள் ஒரே கரையில் ஏறி, ஒவ்வொன்றும் நூறு முட்டைகளுக்கு மேல் இட்டுவிட்டுத் திரும்புகின்றன. இந்தக் கூட்டு முட்டையிடலை அறிவியலாளர் 'வருகை' எனப் பொருள்படும் அரிபாடா என்ற ஸ்பானியச் சொல்லால் குறிப்பர். உலகில் மிகச் சில கரைகளிலேயே இது பெருமளவில் நிகழ்கிறது. மெக்சிகோ, கோஸ்டா ரிகா ஆகியவற்றின் பசிபிக் கரைகளை அடுத்து ஒடிசாவே இதற்குப் பெயர்பெற்றது.

1997 செப்டம்பரில் இக்கரையும் அதை ஒட்டிய கடலும் கஹிர்மாதா கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. வடக்கே தாம்ரா ஆற்று முகத்திலிருந்து தெற்கே ஹன்சுவா ஆற்று முகம் வரை நீளும் அதன் பரப்பு 1435 சதுர கிலோமீட்டர். இதில் 27 சதுர கிலோமீட்டர் மட்டுமே நிலமும் சேற்றுத்திட்டும் மணல்மேடும். எஞ்சிய 1408 சதுர கிலோமீட்டரும் நீர். வேலி போட முடியாத, எல்லைக்கல் நட முடியாத பரப்பு அது. அதன்மேல் இழுக்கப்பட்ட கோடு யாரைத் தடுத்தது, யாரைத் தடுக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கோட்டுக்கு முந்தைய வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அரசும் ஆமையும் வரியின் வழியாகவே சந்தித்தன. கனிகா ஜமீன்தாரியின் காலத்தில் முட்டை எடுக்க வரும் படகுகளிடம் 'அண்ட கர' என்ற பெயரில் வரி வசூலிக்கப்பட்டது. அண்டம் என்பது முட்டை, கரம் என்பது வரி; சொல்லின் பொருளைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு படகு பல்லாயிரம் முட்டைகளை ஏற்றிச் செல்லும். அவை ஆற்றோர ஊர்களில் விற்கப்பட்டன. கல்கத்தாச் சந்தைக்கும் போயின. உலர்த்தி மாட்டுத்தீவனமாகவும் பயன்படுத்தப்பட்டன. ஜமீன்தாரி முறை 1950களின் தொடக்கத்தில் ஒழிந்தபின் காடும் கரையும் அரசின் கைக்கு வந்தன. வரி மறையவில்லை, வனத்துறை வழங்கும் உரிமமாக வடிவம் மாறியது. பின்னாளில் ஆமைகளைக் காக்கும் பொறுப்பை ஏற்ற அதே துறை, 1970களின் நடுப்பகுதிவரை முட்டை எடுக்க உரிமம் தந்து வருவாய் ஈட்டியது. கரையோர மக்கள் ஆமையை அழித்தார்கள், அரசு காத்தது என்று எளிமையாகச் சொல்லப்படும் கதைக்குள் இந்த இருபதாண்டுகளுக்கு இடமில்லை.

திருப்பம் 1974இல் நேர்ந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனத்தின் சார்பில் முதலை பாதுகாப்புக்கு ஆலோசகராக இந்தியா வந்திருந்த எச். ஆர். பஸ்டர்ட், பிதர்கனிகாவின் அலையாத்திக் காடுகளில் உவர்நீர் முதலைகளைத் தேடிச் சென்றவர். அருகிலிருந்த கஹிர்மாதாக் கரையின் ஆமைத்திரளை உலக அறிவியலின் பார்வைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இது கண்டுபிடிப்பு என்று பொதுவாக எழுதப்படுகிறது. வரி கட்டியவர்களும் வரி வாங்கியவர்களும் பல தலைமுறையாக அறிந்திருந்த ஒன்றை ஆய்விதழ்கள் அறிந்துகொண்டன என்று சொல்வதே பொருத்தம். ஆனால் அந்த அறிதலுக்கு உடனடி விளைவு இருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. அதன்கீழ் 1975இல் 672 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிதர்கனிகா வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆமைக்கரையும் அதனுள் அடங்கியது. முட்டை உரிமம் நின்றது.

கரை காக்கப்பட்டது, கடல் காக்கப்படவில்லை. முட்டை வணிகம் ஓய்ந்துவரும் அதே ஆண்டுகளில் ஆமையையே பிடித்து விற்கும் வணிகம் வளர்ந்தது. இணைசேரக் கூடும் ஆமைகளைக் கடலில் பிடித்து, வங்காளக் கரையின் திகா போன்ற இறங்குதளங்கள் வழியாகக் கல்கத்தாவுக்கு இறைச்சியாக அனுப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் இது பத்திரிகைகளில் வெளியாகிப் பேசப்பட்டபோது பிரதமர் இந்திரா காந்தி தலையிட்டார். கடலோரக் காவல்படை ஆமைப் பருவத்தில் ரோந்து செல்லத் தொடங்கியது. வணிகம் பெருமளவு ஒடுங்கியது. வாங்குவோர், விற்போர், ஏற்றிச் செல்வோர் என ஒரு சந்தை இருந்ததால் அதைத் தடுப்பதும் எளிதாக இருந்தது. அடுத்து வந்த ஆபத்துக்கு அப்படி ஒரு சந்தை இல்லை. அங்கே ஆமையை யாரும் வாங்கவில்லை, விற்கவில்லை. ஆமை வேறொன்றைப் பிடிக்கும்போது செத்தது.

அந்த வேறொன்று இறால். ஏற்றுமதிச் சந்தையை நோக்கி இயந்திர இழுவைப் படகுகள் பெருகியதை இந்தியக் கடற்கரை முழுவதும் காணலாம். இழுவை மடி கடலடியைத் தழுவி மணிக்கணக்கில் இழுபடுகிறது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். நீருக்கடியில் நெடுநேரம் சிக்கினால் மூழ்கிச் சாகிறது. பாராதீப், தாம்ரா துறைகளிலிருந்து புறப்பட்ட இழுவைப் படகுகள் இறால் மிகுந்த கரையோர நீரில் உழன்ற மாதங்களும் ஆமைகள் அங்கு கூடும் மாதங்களும் ஒன்றாக அமைந்தன. 1990களின் இறுதியில் பருவம் ஒன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆமை உடல்கள் ஒரிசாக் கரையில் ஒதுங்கின. இறந்தவை எல்லாம் கரைசேர்வதில்லை என்பதால் உண்மை எண்ணிக்கை இதனினும் அதிகம்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு சட்டம் உண்டு. 1982இல் ஒரிசா கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. இழுவைப் படகுகளுக்கும் மரபுவழி மீனவருக்கும் நாடெங்கும் மூண்ட மோதல்களின் பின்னணியில் கடலோர மாநிலங்கள் பலவும் அக்காலத்தில் இத்தகைய சட்டங்களை இயற்றின. ஒரிசாவில் அதன் விதிகள் கரையிலிருந்து 5 கிலோமீட்டர் வரையுள்ள கடலை மரபுவழிக் கலங்களுக்கு ஒதுக்கின. இயந்திரப் படகுகள் அதற்கு அப்பால்தான் செல்ல வேண்டும். இந்த விதி ஆமைக்காக எழுதப்பட்டதன்று. ஆனால் இணைசேரும் ஆமைத்திரள்கள் பெரும்பாலும் கரையருகிலேயே நிற்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. சிறுமீனவரின் வாழ்வாதாரத்துக்காக ஒதுக்கப்பட்ட நீரும் ஆமை கூடும் நீரும் பெருமளவு ஒன்றே. 1982இன் விதி ஒழுங்காக நடைமுறையானால் இரு தரப்பும் ஒருசேரக் காக்கப்பட்டிருக்கும். அது ஏட்டளவில் நின்றது. மீன்வளத்துறையிடம் ரோந்துக்குப் போதிய படகுகள் இல்லை. இறால் ஏற்றுமதியோ அந்நியச் செலாவணி ஈட்டித் தருவது.

அடுத்த அழுத்தம் வெளியிலிருந்து வந்தது. மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தப்படும் கம்பிச்சட்டமும் அதன் மேலோ கீழோ அமையும் திறப்பும் சேர்ந்ததே ஆமை விலக்குக் கருவி. இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குள் போகும். ஆமை சட்டத்தில் மோதித் திறப்பு வழியே வெளியேறும். இக்கருவியைப் பயன்படுத்தாத நாடுகளின் கடல் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா தடைவிதித்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. மேல்முறையீட்டு அமைப்பின் தீர்ப்பு 1998 அக்டோபரில் வந்தது. ஆமையைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கது, அமெரிக்கா அதைச் செயற்படுத்திய விதம் பாரபட்சமானது என்று அது சொன்னது. சர்வதேச வணிகச் சட்டம் படிப்போருக்கு இது ஒரு மைல்கல். ஒடிசாவின் இறங்குதளங்களிலோ அதன் தடம் மெலிதானது. கருவி சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. பிடியின் ஒரு பகுதி திறப்பு வழியே போய்விடுகிறது என்று சொல்லிப் படகு உரிமையாளர்கள் அதைப் பொருத்தத் தயங்கினார்கள். கடலுக்குள் சென்று சோதிப்பாரும் குறைவு.

இந்தச் சூழலில்தான் சரணாலயம் வந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் காட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சரணாலயம் அறிவித்தல், உரிமைகளை விசாரித்தல், நுழைவைத் தடுத்தல் ஆகிய அதன் நடைமுறைகள் எல்லாம் நிலத்துக்கு உரியவை. 1991இன் திருத்தம் கடலுக்கும் அதை நீட்டியது. ஆட்சிக்கடலில் சரணாலயம் அமைக்க நடுவண் அரசின் முன் இசைவு வேண்டும். எல்லைகளைத் தலைமைக் கடற்படை நீரளவையாளரைக் கலந்து வகுக்க வேண்டும். உள்ளூர் மீனவரின் தொழில்நலன்களைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்தபின்னரே அறிவிக்க வேண்டும் என்று பிரிவு 26ஏ சொல்கிறது. கப்பல்களும் படகுகளும் தீங்கின்றிக் கடந்துசெல்லும் உரிமை இந்த அறிவிப்பால் பாதிக்கப்படாது என்றும் அதே பிரிவு உறுதியளிக்கிறது. காட்டுச் சட்டத்தைக் கடலுக்குக் கொண்டுசென்றவர்கள் கடலில் ஏற்கெனவே மனிதர் இருப்பதை அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்த வாசகமே சான்று.

அறிவிப்பு வந்த 1997ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கஹிர்மாதாவில் கூட்டு முட்டையிடல் நிகழவே இல்லை. அரிபாடா சில ஆண்டுகளில் தவறுவது முன்பும் உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தவறியதும் கரையில் ஒதுங்கிய உடல்களும் சேர்ந்து அச்சத்தைக் கூட்டின. அந்த அச்சத்தின் நடுவே சரணாலயம் 725.50 சதுர கிலோமீட்டர் மையப்பகுதியாகவும் 709.50 சதுர கிலோமீட்டர் இடைப்பகுதியாகவும் பிரிக்கப்பட்டது. இதன்மேல் மீன்பிடிச் சட்டத்தின்கீழ் இன்னொரு தடையும் வந்தது. ஆண்டுதோறும் நவம்பர் முதல் நாளிலிருந்து மே மாத இறுதிவரை ஏழு மாதங்கள், கஹிர்மாதா, தேவி ஆற்று முகம், ருஷிகுல்யா ஆகிய மூன்று இடங்களிலும் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிப்பது விலக்கப்படுகிறது. ஆக ஒரே நீரில் இரு சட்டங்கள். வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை, கடலோரக் காவல்நிலையங்கள் எனப் பல அமைப்புகள் பொறுப்பைப் பகிர்கின்றன.

மேலாண்மையின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. முதலாவது, கோடு நிலையானது, காக்க வேண்டியது நகர்வது. ஆமைத்திரள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறது. கரையும் அப்படியே. பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு நீண்டிருந்த ஆமைக்கரை 1989ஆம் ஆண்டுப் புயலில் அறுபட்டது. அதன்பின் முட்டையிடல் கடலுக்குள் பிரிந்து நின்ற நாசி என்னும் மணல்திட்டுகளுக்கு ஒதுங்கியது. அத்திட்டுகளும் தேய்ந்து சுருங்கிவருகின்றன. அருகிலுள்ள சாதபயா என்ற ஊர்த்தொகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, குடும்பங்கள் உள்நிலத்தில் மறுகுடியமர்த்தப்பட்டன. சரணாலய வரைபடத்தில் கரையாக இருந்த இடங்கள் சில இன்று நீருக்குள் கிடக்கின்றன.

இரண்டாவது, கோடு எல்லோரையும் ஒரே விதமாகத் தடுக்கவில்லை. ஆமைத்திட்டுகளுக்கு அண்மையில் இருந்த வீலர் தீவு 1990களிலிருந்து ஏவுகணைச் சோதனைத்தளமாக வளர்ந்தது. 2015இல் அதற்கு அப்துல் கலாம் தீவு எனப் பெயரிட்டார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஒளிமிகுந்த திசையைக் கடல் என்று நம்பி ஓடும் இயல்புடையவை. எனவே தளத்தின் விளக்குகளை மறைப்பதும் மங்கலாக்குவதும் நீண்ட பேச்சுகளுக்குப் பின் இணங்கப்பட்டன. வடக்கே, ஆமைக்கரைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் தாம்ராவின் ஆழ்நீர்த் துறைமுகம் 2011இல் இயங்கத் தொடங்கியது. அதன் கட்டுமானக் காலத்தில் சூழலியலாளர் நடுவே கடும் விவாதம் நடந்தது. பாதுகாப்புத் துறையுடனும் துறைமுகத்துடனும் பேச்சுவார்த்தை; நாட்டுப்படகுடன் பறிமுதல். கடக்கும் உரிமையைச் சட்டம் கப்பலுக்கும் படகுக்கும் ஒருசேரத் தந்தது. ஆயினும் ஆற்று முகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகச் சரணாலய நீரைத் தாண்டியே ஆகவேண்டிய கேந்திரபாடா மாவட்டச் சிறுமீனவர், வலையுடன் செல்வதாலேயே ஐயத்துக்குரியவராகிறார். ஆண்டுதோறும் படகுகள் பறிமுதலாவதும் மீனவர் கைதாவதும் அவ்வட்டாரச் செய்திகளில் வாடிக்கை. தடைக்காலத்துக்கு அரசு தரும் உதவித்தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். ஏழு மாத வருமானத்துக்கு அது ஈடாவதில்லை. 'தொழில்நலன்களைக் காக்கப் போதிய நடவடிக்கை' என்ற சட்டத்தொடரின் எடை நடைமுறையில் இவ்வளவே.

மீனவர் தரப்பு முற்றிலும் குறையற்றது என்று சொல்லவும் இயலாது. பெரிய கண்ணுள்ள செவுள்வலைகளில், குறிப்பாகத் திருக்கை வலைகளில், ஆமை சிக்கிச் சாவதுண்டு. மரபுவழி மீனவர் என்ற சொல்லுக்குள் துடுப்புப் படகும் அடங்குகிறது, வெளியிணைப்பு இயந்திரம் பொருத்திய கண்ணாடியிழைப் படகும் அடங்குகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி மிகத் துல்லியமானது: எந்தக் கலம், எந்த வலை, எந்த மாதம், எந்த நீர்? 1435 சதுர கிலோமீட்டரை ஒரே அலகாகப் பார்க்கும் மேலாண்மைக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் கருவிகள் குறைவு.

இதைக் கேட்க முயன்றவர்கள் உண்டு. 2004இல் உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு கஹிர்மாதாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் மரபுவழி மீனவர் சங்கத்தினரும் ஆமை ஆய்வாளரும் பாதுகாப்பு அமைப்பினரும் சேர்ந்து ஒரிசா கடல்வளப் பாதுகாப்புக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். எதிரெதிராக நிறுத்தப்பட்டிருந்த இரு தரப்பும் தங்கள் பொது எதிராளி கரையோர நீரில் அத்துமீறும் இழுவைப் படகே என்று ஒப்புக்கொண்டு ஒரே மேசைக்கு வந்தது இந்தியக் கடல் பாதுகாப்பு வரலாற்றில் அரிதான நிகழ்வு. 1982இன் சட்டத்தில் மறைந்திருந்த பொதுநலனை இருபதாண்டுகளுக்குப் பின் அவர்கள் பேச்சின் வழியாக மீட்டெடுத்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தெற்கே கஞ்சாம் மாவட்டத்தின் ருஷிகுல்யா இருக்கிறது. 1994இல் பிவாஷ் பாண்டவ் என்ற ஆய்வாளர் அங்கு கூட்டு முட்டையிடல் நிகழ்வதைப் பதிவு செய்தார். அக்கரை இன்றுவரை சரணாலயமாக அறிவிக்கப்படவில்லை. பருவகால மீன்பிடித் தடை மட்டும் உண்டு. ஊர்கள் கரையை ஒட்டியே இருக்கின்றன. மீனவ ஊர்களின் இளைஞர்கள் அமைத்த குழுக்கள் வனத்துறையுடன் சேர்ந்து முட்டைக்குழிகளை நாயிடமிருந்தும் நரியிடமிருந்தும் காக்கின்றன. வழிதவறும் குஞ்சுகளைக் கடலில் சேர்க்கின்றன. அண்மை ஆண்டுகளில் அங்கு ஒரே பருவத்தில் பல இலட்சம் ஆமைகள் கரையேறியுள்ளன. கஹிர்மாதாவிலும் எண்ணிக்கை மீண்டிருக்கிறது. சரணாலயம் தேவையற்றது என்ற முடிவுக்கு இந்த ஒப்பீடு இட்டுச்செல்லாது. ருஷிகுல்யாவின் நீரில் இழுவைப் படகுகளின் அழுத்தமும் கரையின் இயல்பும் வேறு. ஆமையின் வாழ்நாளோ பல பத்தாண்டுகள், எனவே இன்று கரையேறுபவை நேற்றைய நிலைமைகளின் விளைவு. கரையோர மனிதரைச் சேர்த்துக்கொண்டும் ஆமையைக் காக்க முடியும் என்பதை மட்டும் அக்கரை ஐயமின்றிக் காட்டுகிறது.

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், அரசு இக்கடலை மூன்று விதமாக அணுகியது தெரிகிறது. வரி வாங்கும் இடமாகப் பார்த்தபோது முட்டை விற்பனைப் பொருளானது. அந்நியச் செலாவணியின் ஊற்றாகப் பார்த்தபோது இறால் விலைபெற்றது, ஆமை கணக்கில் வராத இழப்பானது. காடாகப் பார்த்தபோது ஆமை காக்கப்படும் விலங்கானது, மீனவர் ஊடுருவலாளரானார். மூன்று பார்வையிலும் கரையோரச் சமூகம் இருக்கிறது. முதலில் வரி கட்டுவோராக, பிறகு ஓரங்கட்டப்பட்டோராக, இறுதியில் குற்றம் சாட்டப்பட்டோராக இருக்கிறது. கடலை நிர்வகிப்பவர்களுள் ஒருவராக அச்சமூகத்தை எண்ணிய பார்வை 1982இன் 5 கிலோமீட்டர் விதியில் ஒருமுறை எட்டிப்பார்த்தது, 2004இன் கூட்டமைப்பில் மறுமுறை எட்டிப்பார்த்தது. இரண்டுக்கும் ரோந்துப் படகோ நிதியோ உரிய அளவில் வாய்க்கவில்லை.

சட்டத்தைப் புதிதாக எழுத வேண்டிய தேவை குறைவு. இழுவைப் படகைக் கரையோர நீரிலிருந்து விலக்கும் விதி இருக்கிறது. ஆமை விலக்குக் கருவி கட்டாயமாகவே இருக்கிறது. மீனவரின் தொழில்நலனும் கடக்கும் உரிமையும் 26ஏ பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆமை கூடும் நீர்த்திட்டுகளைப் பருவந்தோறும் ஆய்வாளரும் மீனவரும் சேர்ந்து குறித்து, தடையை அங்கே இறுக்கி, பிற இடங்களில் கலத்தையும் வலையையும் பொறுத்துத் தளர்த்துவது இச்சட்டங்களின் நோக்கத்துக்கு உட்பட்டதே. கஹிர்மாதாவின் மணல்திட்டுகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. ஆமைகள் நாளை எந்தக் கரையைத் தேர்ந்துகொண்டாலும், அங்கே ஒரு மீனவ ஊர் ஏற்கெனவே இருக்கும்.